முப்பத்திரண்டாவது துண்டு

ஆம்பூர்ப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு பொருளுக்கு மட்டும் என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. ஷூ டப்பா. சாக்பீஸ் தீர்ந்துபோகும், வண்ணத்தாள் வாங்கக் காசு இருக்காது, கத்தரிக்கோல் காணாமல் போகும். ஷூ டப்பா மட்டும் இன்றைக்குக் கேட்டால் நாளைக் காலை வகுப்பறை வாசலில் இடுப்புயரத்துக்கு அடுக்கியிருக்கும். அப்பா கிளிக்கிங், அம்மா ஸ்டிச்சிங், அக்கா செக்கிங், மாமா பேக்கிங் என்று வீட்டுக்கு ஒருவராவது ஷூ கம்பெனிக்குப் போகிற ஊர். நசுங்கியது, அச்சு தப்பியது, ஆர்டர் போக மிஞ்சியது என்று டப்பாக்கள் எங்கிருந்தெல்லாமோ வந்துவிடும்.

மாதனூர் ஒன்றியத்தில், பாலாற்றை ஒட்டிய ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான் அப்போது இடைநிலை ஆசிரியை. அந்த டப்பாக்களில் நாங்கள் முதலில் செய்தது கால்பந்து மேசை. மூடியை எடுத்துவிட்டு, குட்டைப் பக்கம் இரண்டிலும் அரைவட்டமாக வெட்டினால் கோல் போஸ்ட். நீளப் பக்கங்களில் எதிரெதிராக ஓட்டை போட்டு, தென்னந்துடைப்பக் குச்சியை மூன்று நான்காகச் சேர்த்து நூலால் கட்டிச் செருக வேண்டும். குச்சியில் துணி கிளிப்பைக் கவ்வவிட்டால் அதுதான் ஆட்டக்காரர். சிவப்பு கிளிப் ஓர் அணி, நீலம் இன்னோர் அணி. பந்துக்குச் சத்துணவு ஆயாவிடம் ஒரு கொண்டைக்கடலை. வெளிநாட்டுக் கைவினைப் புத்தகங்களில் இதற்கெல்லாம் கம்பளித் துணி, மினுமினுப்புப் பசை, கலர் கம்பி என்று பட்டியல் போட்டிருப்பார்கள். அந்தப் பட்டியலைப் படித்தே பாதி ஆசிரியர்கள் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

டப்பாவின் பக்கவாட்டில் 40, 41, 42 என்று அளவு அச்சிட்டிருக்கும். அதையே அணியின் எண்ணாக வைத்துக்கொண்டார்கள். ஒருநாள் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன், “42ன்னா இன்னா 42 டீச்சர்? செ.மீ.யா?” என்று கேட்டான். இல்லை. ஐரோப்பிய அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடைவெளி ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. 42 என்றால் 28 செ.மீ.; ஷூவை ஏற்றித் தைக்கும் அச்சின் நீளம். பின்னத்தைப் பாடப்புத்தகத்திலிருந்து சொன்னால் கொட்டாவி விடும் வகுப்பு, அன்றைக்குக் கிடைத்த டப்பாவையெல்லாம் புரட்டிப் புரட்டிக் கணக்குப் போட்டது. இத்தனைக்கும் அந்த ஷூக்களில் ஒன்றையாவது அவர்கள் காலில் போட்டுப் பார்த்தது கிடையாது. எல்லாம் கப்பலேறிப் போகிற சரக்கு.

விளையாட்டை வகுப்பறைக்குள் கொண்டுவரக் காரணம் கல்வித் தத்துவமெல்லாம் இல்லை. பள்ளிக்கு மைதானம் என்று இருந்தது கொடிக்கம்பத்தைச் சுற்றிய இடம்தான். தொடக்கப் பள்ளிக்கு உடற்கல்வி ஆசிரியர் பணியிடமும் கிடையாது. பையன்கள் சாயங்காலத்தில் பாலாற்று மணலில் பழந்துணியைச் சுருட்டிக் கட்டிய பந்தை உதைப்பார்கள். ஆற்றில் தண்ணீர் வருவது அபூர்வம் என்பதால் மைதானத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஓரமாக ஓடுகிற தோல் கழிவு வாய்க்காலில் பந்து விழுந்துவிட்டால் அத்தோடு ஆட்டம் முடிந்தது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தோல் பதனிடும் தொழிற்சாலைகளைக் கண்டித்து, கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் நடத்துகிற வழக்கு. அந்தத் தீர்ப்பு வந்து எத்தனையோ ஆண்டுகள் கழித்தும் ஆற்றில் விளையாடிவிட்டு வரும் பிள்ளையின் சட்டையை முகர்ந்தே எந்தப் பக்கம் விளையாடினான் என்று எங்களால் சொல்ல முடிந்தது.

எங்கள் வகுப்பறை அப்போது செயல்வழிக் கற்றல் வகுப்பறை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 வாக்கில் தமிழ்நாடு முழுவதும் வந்த முறை. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்காருவார்கள். சுவரில் அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் ஆளுக்கொரு கரும்பலகைப் பகுதி. தலைக்கு மேலே இழுத்துக் கட்டிய கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்ததும் ஒட்டியதும் தொங்கும். பாடம் முழுக்க அட்டைகளாக இருக்கும். ஏணிப்படியைப் பார்த்து அவரவர் வேகத்தில் ஏறிப் போக வேண்டும். அந்த முறையைத் திட்டியவர்கள் உண்டு, இரைச்சல் தாங்கவில்லை என்று. எனக்கு அந்த இரைச்சல் பிடித்திருந்தது. பெஞ்சு இல்லாத தரை கிடைத்ததே பெரிய காரியம். தரை இருந்தால்தான் பந்து உருளும்.

2010 ஜூனில் பள்ளி திறந்த சூட்டோடு தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பை தொடங்கியது. முதல் ஆட்டம் நம் நேரத்துக்குச் சாயங்காலம், அடுத்தது ஏழரைக்கு, கடைசி ஆட்டம் நள்ளிரவில். ஊரில் பெரும்பாலான வீடுகளில் அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி இருந்தது. மின்வெட்டும் இருந்தது. ஆட்டத்தில் பாதியை ஒருவன் பார்த்திருப்பான், மீதியை வேறு தெருவில் இன்னொருவன் பார்த்திருப்பான். காலையில் வகுப்பில் இரண்டையும் சேர்த்து ஒட்டித்தான் முழு ஆட்டம் கிடைக்கும். அந்தப் பேச்சை அடக்குவதைவிடப் பாடமாக்குவது சுலபம் என்று தலைமையாசிரியை சொன்னார். ஓய்வுக்குச் சில ஆண்டுகளே இருந்தவர் அவர். கால்பந்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளைகளைப் பற்றித் தெரியும்.

முதல் சிக்கல் பந்தை வரைவதில் வந்தது. கரும்பலகையில் எல்லோரும் வெள்ளையில் கறுப்புக் கட்டம் போட்ட பந்தைத்தான் வரைந்தார்கள். “டிவில வர்ற பந்துல இந்தக் கறுப்புக் கட்டமே இல்லியே” என்றாள் ஒரு சிறுமி. உண்மைதான். 2010-இன் பந்து ஜபுலானி. மொத்தமே எட்டுத் துண்டு. உலகமெங்கும் பிள்ளைகள் வரைவது 1970 மெக்சிகோ உலகக் கோப்பைக்கு அடிடாஸ் செய்த டெல்ஸ்டார் பந்தை. கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் பந்து பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகப் போட்ட கறுப்புக் கட்டம் அது. வீட்டில் வண்ணப் பெட்டி வந்த பிறகும் நோட்டில் கறுப்பு வெள்ளைப் பந்துதான் உருள்கிறது.

எது எப்படியோ, செய்வதற்கு டெல்ஸ்டார்தான் தோது. 32 துண்டு. 12 ஐங்கோணம், 20 அறுகோணம். ஒவ்வோர் ஐங்கோணத்தையும் சுற்றி ஐந்து அறுகோணம். எந்த மூலையை எடுத்தாலும் ஓர் ஐங்கோணமும் இரண்டு அறுகோணமும் சந்திக்கும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் பக்கத்துக்கு 3 செ.மீ. வைத்து வெட்டி, ஓரம் மடித்து மைதாப் பசையால் ஒட்டினால் 15 செ.மீ. குறுக்களவுக்கு உருண்டையாக ஒரு பந்து வரும். மணமக்களின் பெயரும் முகூர்த்த நேரமும் ஓரத்தில் தெரியும். போகட்டும்.

அறுகோணம் வரைவது எளிது. காம்பஸை வட்டத்தின் ஆரத்துக்கே வைத்துச் சுற்றி வந்தால் ஆறு புள்ளி விழும். ஐங்கோணம்தான் தகராறு. பாகைமானி பிடிக்கத் தெரியாத வயது. அதற்கு ஒரு வழி உண்டு. நீளமாக வெட்டிய தாள் பட்டையை எடுத்து, கயிற்றில் போடுவதுபோல ஒற்றை முடிச்சுப் போட்டு, மெதுவாக இறுக்கி, நகத்தால் நீவித் தட்டையாக்க வேண்டும். இரண்டு வாலையும் வெட்டிவிட்டால் கையில் இருப்பது பிசகில்லாத ஐங்கோணம். பட்டையின் அகலம் 2.85 செ.மீ. இருந்தால் பக்கம் சரியாக 3 செ.மீ. வரும். முதல் தடவை நான் அந்த முடிச்சைப் போட்டு வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் காட்டியபோது உள்ளே மடிப்புக் கோடுகள் நட்சத்திரமாகத் தெரிந்தன. அதன் பிறகு ஒரு வாரம் பள்ளியில் தாள் பட்டை எதுவும் முடிச்சுப் படாமல் தப்பவில்லை. அன்னதானச் சீட்டைக்கூட ஒருவன் ஐங்கோணமாக்கி வைத்திருந்தான்.

பந்து செய்தாகிவிட்டது, மொழிப் பாடத்துக்கு அதில் என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பளிச்சென்று பட்டது. கறுப்புத் துண்டு 12. உயிரெழுத்தும் 12. வெள்ளைத் துண்டு 20. மெய் 18, ஆய்தம் ஒன்று. யாரோ தமிழ் எழுத்துக்காகவே அளந்து தைத்ததுபோல, ஒரே ஒரு துண்டுதான் மிச்சம்! ஐங்கோணத்தில் அ முதல் ஔ வரை, அறுகோணத்தில் க் முதல் ன் வரை எழுதினோம். பந்தை உருட்டி, நின்ற இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ப் பக்கத்தில் ஊ இருந்தால் பூ. ஆய்தம் மேலே வந்துவிட்டால் ஒருமுறை ஆட்டம் தள்ளிவைப்பு. எஃகு, அஃது என்று சொல்லத் தெரிந்தவனுக்கு மட்டும் விலக்கு.

மிச்சமிருந்த முப்பத்திரண்டாவது துண்டில் என்ன எழுதுவது என்பதில்தான் பெரிய வழக்கு. பள்ளியின் பெயர் என்றார்கள். டீச்சர் பெயர் என்று ஒருத்தி சொன்னாள். அவளுக்கு என்னிடம் ஏதோ காரியம் ஆக வேண்டியிருந்தது. கடைசியில், கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தவரின் மகன், “காத்து எங்க டீச்சர் அடிக்கறது?” என்று கேட்டு வழக்கை முடித்து வைத்தான். நிஜப் பந்திலும் வால்வு ஏதோ ஒரு துண்டின் நடுவில்தானே இருக்கிறது? எனவே அந்த ஆண்டு முப்பத்திரண்டாவது துண்டில் ஒரு சின்ன வட்டம் மட்டும் வரைந்து விட்டுவிட்டோம்.

பந்தை எண்ணவைப்பதிலும் பாடம் இருந்தது. 12 ஐங்கோணத்துக்கு 60 பக்கம், 20 அறுகோணத்துக்கு 120. கூட்டினால் 180. இரண்டிரண்டு பக்கம் சேர்ந்துதான் ஒரு தையல் வரி என்பதால் பாதி, 90. இதை நான் கரும்பலகையில் போட்டுக் காட்டும் முன்பே பின்வரிசைச் சிறுமி ஒருத்தி 90 என்றாள். எப்படி என்றேன். “ரெண்டு பீஸ் சேர்த்தா ஒரு தையல்தானே டீச்சர்” என்றாள். அவள் அம்மா வீட்டில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைப்பவர்.

தோலைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. அட்டைப் பந்து நான்கு நாளில் நசுங்கிவிடுகிறது என்று கம்பெனியில் வெட்டித் தள்ளிய துண்டுத் தோலைப் பிள்ளைகளே கொண்டுவந்தார்கள். பழுப்பு, கறுப்பு, கொஞ்சம் மெரூன். அட்டை அச்சை வைத்து வெட்டும்போதுதான் பார்த்தேன், ஐந்தாம் வகுப்புப் பையன் தோலை இரு கையாலும் இப்படி ஒருமுறை, அப்படி ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அச்சை வைக்கிறான். ஏன் என்றதற்கு, வயிற்றுப் பக்கத்துத் தோல் இழுபடும், முதுகுப் பக்கம் இழுபடாது, இழுபடுகிற துண்டைப் பந்தில் வைத்தால் ஒரு பக்கம் புடைக்கும் என்றான். அவனுக்கு இதை யாரும் பாடமாக நடத்தியதில்லை. அப்பா வீட்டில் கம்பெனியைத் திட்டும்போது காதில் விழுந்ததுதான். இன்னொருத்தி பசையைப் பளபளப்பான பக்கத்தில் தடவப்போனவளின் கையைத் தட்டிவிட்டாள். சொரசொரப்பான உள்பக்கத்தில்தான் பசை பிடிக்கும். மேல்பக்கத்தில் தடவினால் காய்ந்ததும் உரிந்து வந்துவிடும்.

மதிப்பெண் பட்டியலில் இந்தப் பிள்ளைகள் எல்லாம் கடைசியில் இருந்தவர்கள். அந்த வாரம் முழுவதும் வகுப்பு அவர்களிடம்தான் கேட்டுக் கேட்டு வேலை செய்தது.

தலைமையாசிரியை இரண்டு கட்டளை மட்டும் போட்டிருந்தார். சொல்யூஷன் கூடாது, அதன் நெடி தலைக்கு ஏறும், மைதாப் பசையே போதும். ஊசி கூடவே கூடாது. ஒட்டலாம், முடிச்சுப் போடலாம், பின்னலாம், தைக்கக் கூடாது. அவர் அதற்குக் காரணம் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் சொல்லவும் வேண்டியதில்லை. ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போடும் அப்பர்களை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஜோடிக் கணக்கில் கையால் தைத்துக் கொடுக்கும் பெண்கள் எத்தனையோ பேர். ஜோடிக்குக் கிடைப்பது சில ரூபாய். பேர்ணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் பீடியும் அப்படித்தான். அவசர ஆர்டர் என்றால் பள்ளி விட்டு வந்த பிள்ளையும் பக்கத்தில் உட்காரும். கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது அதே 2010 ஏப்ரலில். பின்னால் 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்து விட்டார்கள். ஓய்வுபெற்று வீட்டில் இருந்த தலைமையாசிரியை அதைப் படித்துவிட்டு எனக்குப் போன் செய்து கால் மணி நேரம் கொதித்தார்.

நிஜக் கால்பந்துக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு உண்டு. இத்தனை தோல் இருந்தும் நம் பக்கத்தில் பந்து தைக்கிறார்கள் என்று நான் கேள்விப்பட்டதில்லை. பந்து ஜலந்தரில், மீரட்டில், எல்லைக்கு அந்தப் பக்கம் சியால்கோட்டில் தைக்கப்படுவது. கையால் தைக்கும் பந்துக்கு ஏறத்தாழ 650 தையல். 90 வரிக்குப் பிரித்துப் பார்த்தால் வரிக்கு ஏழு. அங்கும் வீட்டு வேலைதான், அங்கும் பிள்ளைகள் கை கொடுத்தார்கள். அது உலகத்துக்குத் தெரியவந்து பெரிய கூச்சல் எழுந்த பிறகு, 1997 பிப்ரவரியில் அட்லாண்டாவில் ஓர் ஒப்பந்தம் போட்டு, சியால்கோட்டின் தையலை வீடுகளிலிருந்து கண்காணிப்பு உள்ள கூடங்களுக்கு மாற்றினார்கள். பந்துக்கு உலகக் கோப்பை இருந்தது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அதன்மேல் வெளிச்சம் விழுந்தது. ஷூ அப்பருக்கு அப்படி ஒரு திருவிழா இல்லை.

தோல் பந்து செய்த வாரத்தில் ஒரு தாய் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்தார். இடுப்பில் கைக்குழந்தை.

“இன்னா டீச்சரு, வூட்லயும் தோலு, இங்கயும் தோலா? இந்த நாத்தம் நம்ப புள்ளைக்கு வோணாம்னு தானே இஸ்கூலுக்கு அனுப்பறது?”

தலைமையாசிரியை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். “ஊசி குடுக்கறது இல்லம்மா. ஒட்டறதுதான். வேணும்னா நீங்களே பாருங்க” என்று பந்தை எடுத்துக் கொடுத்தார். அவர் வாங்கிச் சுற்றிப் பார்த்தார். முகம் மாறவில்லை. மூலைகளைக் கட்டை விரலால் அழுத்தினார். “மூணு பீஸும் சேர்ற எடத்துல மேடு தட்டுது பாருங்க. ஓரத்தச் சீவிட்டு ஒட்டணும். இல்லன்னா ரெண்டு நாள்ல வாயத் தொறந்துக்கும்” என்றார். குழந்தையைப் பாயில் இறக்கிவிட்டு, ஆணியில் மாட்டியிருந்த கத்தரிக்கோலை எடுத்து, அதன் ஒரு வாயால் தோலின் உள்பக்கத்தை அவர் சீவிய விதத்தைப் பிள்ளைகள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்று பார்த்தார்கள். அவர் மகளும் பார்த்தாள். அம்மாவிடம் வகுப்பே கேள்வி கேட்பது அவளுக்குப் புதிது. போகும்போது மறுபடியும் சொன்னார்: “பேப்பர்லயே செய்யச் சொல்லுங்க டீச்சரு. தோலு வோணாம்.”

அவர் சொன்னபடி செய்தோம். அந்த ஒரு தோல் பந்தோடு சரி, பிறகெல்லாம் அட்டையும் தாளும்தான். பிள்ளைகளுக்குத் தோலைப் பற்றித் தெரிந்ததை வகுப்பில் சொல்ல இடம் வேண்டும், தோல் வேலை மட்டும் வகுப்புக்குள் வரக் கூடாது என்பதுதான் அவர் போட்ட கோடு என்று நான் எடுத்துக்கொண்டேன். பேசுவதற்கு என்ன தடை? வகுப்பில் தோலைப் பற்றிய பேச்சு தொடர்ந்தது.

அந்தத் தோல் பந்தால் வேறொரு சண்டையும் வந்தது. அது கனம், அட்டைப் பந்து லேசு. ஊருக்குள் கெட்டிக்கார அணி என்று பெயரெடுத்தவர்களுக்குத் தோல் பந்து வேண்டும். மற்றவர்களுக்கு அட்டைப் பந்து. நான் 1930-ஐச் சொன்னேன். மான்டிவிடியோவில் முதல் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். அர்ஜென்டினா தன் பந்தில்தான் ஆடுவேன் என்றது, உருகுவே தன் பந்தில். முடிவில் ஆளுக்கொரு பாதி. அர்ஜென்டினாவின் பந்தில் ஆடிய முதல் பாதியில் அர்ஜென்டினா 2-1. உருகுவேயின் பந்து வந்த இரண்டாம் பாதி முடிந்தபோது உருகுவே 4-2. வகுப்பு இந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டது. நான் எத்தனையோ நீதிக்கதைகள் சொல்லியும் அவர்கள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போனதில்லை.

விளையாட்டுகளில் அதிக நாள் நீடித்தது ஊதுபந்து. பப்பாளி இலைக் காம்பு உள்ளே குழலாக இருக்கும். பால் வடிந்து ஒருநாள் காய்ந்த பிறகு இரு முனையையும் வெட்டிக் கழுவினால் ஊதுகுழல் தயார். பச்சையாக வாயில் வைத்தால் உதடு அரிக்கும். தரையில் சாக்பீஸ் கோடு, கீழ்மட்டக் கரும்பலகையில் கோல் போஸ்ட், நடுவில் கசக்கி உருட்டிய தாள் பந்து. இரு பக்கமும் மும்மூன்று பேர் குப்புறப் படுத்து ஊத வேண்டும். கை பட்டால் பெனால்டி. ஆறு குழுவும் ஒவ்வொன்றோடும் ஒருமுறை மோதினால் எத்தனை ஆட்டம்? முதலில் 30 என்றார்கள். நாங்கள் அவர்களோடு ஆடினால் அவர்களும் எங்களோடு ஆடியாயிற்றே என்று ஒருவன் சொன்ன பிறகு 15-க்கு வந்தார்கள். பிறகு அதே கணக்கைத் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். நான்கு அணிப் பிரிவில் ஆறு ஆட்டம், எட்டுப் பிரிவுக்கு 48, மேலே 16, ஆக 64. வென்றால் மூன்று, சமன் என்றால் ஒன்று என்று புள்ளிப் பட்டியல் கம்பிப் பந்தலில் தொங்கியது. கூட்டல் அட்டையில் தடுமாறிக்கொண்டிருந்தவன், தன் அணியின் புள்ளியை மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் சரியாகச் சொன்னான்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு ‘பாஸ்’ விளையாட்டு. பாயில் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கோர் எழுத்தட்டை. க் வைத்திருப்பவன் பந்தை ஈ வைத்திருப்பவளுக்கு உருட்டினால் பந்து போய்ச் சேர்வதற்குள் வகுப்பே ‘கீ’ என்று கத்த வேண்டும். அடுத்து ர்-இலிருந்து ஐ-க்கு. ‘ரை’. கீரை! கோல். வீட்டில் உருது பேசுகிற பிள்ளைகள் வகுப்பில் நாலைந்து பேர் இருந்தார்கள். எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தயங்குபவர்கள் கத்துவதற்குத் தயங்கவில்லை. பந்துக்குத் தாய்மொழி வித்தியாசம் தெரியாது என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் உண்மையில் அவர்களுக்குச் சத்தம் போட அனுமதி கிடைத்ததுதான் காரணம்.

உலகக் கோப்பையை ஸ்பெயின் ஜெயித்த செய்தி திங்கட்கிழமைக் காலையில் வந்தது. நள்ளிரவில் தொடங்கிப் பின்னிரவில் முடிந்த ஆட்டத்தை யாரும் முழுதாகப் பார்க்கவில்லை. 116-ஆவது நிமிடத்தில் இனியெஸ்டா அடித்த கோலை மட்டும் பத்துப் பேர் பார்த்ததாகச் சாதித்தார்கள்.

ஊதுபந்தில் யாராலும் கோல் போட முடியாத பெண் ஒருத்தி இருந்தாள். வெளியே ஆற்று மணலில் அவளைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அதை நைனாவிடம் சொல்லி அவளே திட்டும் வாங்கியிருக்கிறாள். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை 2-1 என்று வென்று முதன்முதலாகத் தேசியக் கோப்பையைக் கொண்டுவந்தபோது எனக்கு அவள் நினைவுதான் வந்தது. தேசிய அளவில் பெரும்பாலும் மணிப்பூரின் பெயரையே கேட்டுவந்த விளையாட்டு அது. கடலூர் இந்துமதி கதிரேசன் போன்றவர்கள் இந்திய அணி வரை போயிருக்கிறார்கள். அந்தச் செய்தித் துணுக்கை வெட்டி வகுப்பில் ஒட்டினேன். அப்போதிருந்த பிள்ளைகள் ஆட்ட விவரத்தைக் கேட்கவில்லை. “கடலூர்ல எந்த கிரவுண்டு டீச்சர்?” என்று கேட்டார்கள்.

ஆண்டுகள் போகப் போக முறைகள் மாறின. பாய் போனது, பெஞ்சு வந்தது. வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றாகப் பிரிந்து நாங்கள் திருப்பத்தூர் மாவட்டத்துக்காரர்கள் ஆனோம். எழுத்துப் பந்து மட்டும் வகுப்புக்கு வகுப்பு புதிதாகச் செய்யப்பட்டது. முப்பத்திரண்டாவது துண்டு பற்றிய வழக்கும் ஒவ்வொரு தடவையும் புதிதாக நடந்தது. ஒரு குழு அதில் சத்துணவு ஆயாவின் பெயரை எழுதியது. இன்னொரு தடவை ஒரு சிறுவன் பந்தை உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, “எம் பேருக்கு எழுத்தே இல்ல டீச்சர்” என்றான். அவன் பெயர் ஷ-வில் தொடங்கும். அவனுக்கு ஆதரவாக ஜ, ஹ, ஸ என்று வரிசையாகக் கை தூக்கினார்கள். ஆம்பூரில் வருகைப் பதிவேட்டை அந்த எழுத்துகள் இல்லாமல் கூப்பிட முடியாது. துண்டோ ஒன்று, எழுத்தோ நான்கு. இலக்கணம் பேசிப் பார்த்தேன், எடுபடவில்லை. “ஷூவுக்கு இன்னா எழுத்து டீச்சர்?” என்று ஒரு குரல் வந்ததும் வாக்கெடுப்பே தேவைப்படாமல் ஷ ஜெயித்தது. வட்டார வள மையத்தில் நடந்த ஒரு பயிற்சியில் அந்தப் பந்தைக் காட்டினேன். தமிழாசிரியர் ஒருவர் வடவெழுத்தைப் பந்தில் ஏற்றியதற்கு என்னைத் தேநீர் இடைவேளை முழுவதும் விடவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனால் அவர் பெயரிலேயே ஜ இருந்தது.

2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிந்து உட்கார்ந்தார்கள். பாட்டு, கதை, கைவினை எல்லாம் மறுபடி அரசாணையோடு வகுப்புக்குள் வந்தன. அந்த ஆண்டு உலகக் கோப்பை கத்தாரில், டிசம்பர் வரை இழுத்தது. இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரைக்கு என்பதால் இந்தத் தடவை ஊரே பார்த்தது. 3-3, பிறகு பெனால்டியில் அர்ஜென்டினா. மறுநாள் மூன்றாம் வகுப்பில் மலர் குழு எழுத்துப் பந்தை ஒட்டிக் காயவைத்திருந்தது. எடுத்துப் பார்த்தேன். அ முதல் ஔ வரை சரி. க் முதல் ன் வரை சரி. ஆய்தம் சரி. முப்பத்திரண்டாவது துண்டில் பெரிதாக 10 என்று எழுதியிருந்தது. மெஸ்ஸியின் சட்டை எண்.

“இது எழுத்துப் பந்து ஆச்சே, எண்ணு எப்பிடிடா வந்தது?” என்றேன்.

பசை ஒட்டிய கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே ஒருவன் சொன்னான்: “எண்ணும் எழுத்தும், டீச்சர்.”